பின்வரிசையில் நின்றவன்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் நான் எந்த வேலையிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. சுனாமி அடித்த காலத்தில் செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் கணினி வேலை. அகதி முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில், உதவி நிறுவனமொன்று கேட்டதற்காக, அங்கே தங்கியிருந்த எல்லோரையும் மாமரத்தின் கீழ் நிறுத்திப் படம் எடுத்தேன். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய படம். சுருக்கினேன்.

"கப்பலையா அனுப்பப் போறாய்? கண்ணுக்கு வித்தியாசம் தெரியாட்டிச் சரிடா," என்றார் முதலாளி.

அந்த வேலைக்கு அதுதான் அளவுகோல். மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை உடனே பிடிக்கும். நிழலுக்குள் உள்ள நுணுக்கத்தையும் நிறத்தின் சிறு மாற்றத்தையும் விட்டுவிடும். படத்தைச் சுருக்கும்போது கணினி அவற்றைத்தான் முதலில் எறியும். பெரியதையும் சுருக்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. டிஸ்க்கில் இடமில்லாததால் பெரியதை அழித்தேன்.

யுத்தம் முடிந்த வருடம், வெல்லாவெளியில் அறுவடை, ஓட்டமாவடியில் லொறிச் சுமை என்று அலைந்துவிட்டு, அதே கடைக்குத் திரும்பியிருந்தேன். அந்தச் சுனாமி முகாமில் இருந்த ஒரு தாய் வந்தார். மகனைக் காணவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுக்கப் படம் வேண்டும். வீட்டிலிருந்த படங்கள் கடலோடு போயின. அடையாள அட்டை அவன் சட்டைப் பையோடு போயிற்று. மிச்சம் அந்த முகாம் படம்தான். அதில் அவன் பின்வரிசையில், மர நிழலில் நின்றான்.

திரையில் பெரிதாக்கினேன். கண், மூக்கு, வாய் எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள்.

"முகம் இல்லையேம்மா."

அவர் வாசல் வரை பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இரிக்கான் மனே. இஞ்ச வந்து நிண்டு பாரு. சுளகு மாதிரி அகண்ட காது, அவன்ட அப்பன்ட காது."

போய் நின்றேன். கட்டங்கள் கரைந்து ஒரு இளைஞன் தெரிந்தான். நாலடி முன்னால் வந்ததும் இல்லாமல் போனான். பெரிய படத்தை நான்தான் அழித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அச்செடுத்துக் கொடுத்து, முறைப்பாடு எடுக்கும் கந்தோருக்குக் கூடப் போனேன். அலுவலர் படத்தை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார்.

"இதில என்னம்மா தெரியுது? வேற படம் கொண்டு வாங்க."

"வேற இல்ல ஐயா. கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பாருங்க," என்றார் தாய்.

அலுவலர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தத் தாய் படத்தை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தபடி, அவரைப் பார்த்தவாறே வாசல் வரை பின்னோக்கி நடந்தார். அந்தத் தூரத்தில் அவன் முகம் நிச்சயம் தெரிந்திருக்கும். அலுவலர் அடுத்த படிவத்தில் குனிந்திருந்தார்.