அடுத்த வாரம் வாங்க

பெரம்பலூர் நூலகத்தில்தான் கலைச்செல்வன் ஜோதியை முதலில் பார்த்தான். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன், தமிழ் பி.ஏ. அரசுத் தேர்வுக்காக மரபுத்தொடர்களுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தான். 'கெடு நெருங்குதல்' என்று எழுதி, கிட்டத்தட்ட அதே பொருள் தருபவற்றை வாய்விட்டே அடுக்கினான்: நாள் நெருங்குதல், தவணை தீர்தல், பொழுது சாய்தல்...

"இன்னொண்ணு வுட்டுட்டீங்க தம்பி," என்றாள் எதிரே படித்துக்கொண்டிருந்தவள். "'அடுத்த வாரம் வாங்க.' அதுக்கும் அதான் அர்த்தம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஜோதி ரெட்டிபாளையத்துக்காரி. அப்பா அரியமுத்து அரசு விடுதிக் காவலாளி. வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். வாரிசுக்கு வேலை கேட்க மூன்று வருடம் கெடு. அரியலூரில் ஓர் அலுவலகத்துக்கு ஒன்றரை வருடமாக நடக்கிறாள். முதலில் போட்டோ சின்னது என்றார்கள். பிறகு அம்மா இருசம்மாளின் கையெழுத்து கோணல் என்றார்கள். அப்புறம் காரணமே கிடையாது, அடுத்த வாரம்தான்.

"பதினெட்டாந்தேதி வரைக்கும் நாளு இருக்கு," என்று பையைத் திறந்து காட்டினாள். கருமாதிப் பத்திரிகை மேலே இருந்தது. அடியில் இருந்த இறப்புச் சான்றிதழை கலைச்செல்வன் உருவித் தேதியைப் பார்த்தான்.

"அக்கா, அப்பா எறந்தது மூணாந்தேதி."

"ஆமா. செத்த நாளை எங்க வூட்டுல எண்ண மாட்டோம். கருமாதி முடிஞ்சதுலேந்துதான் கணக்கு."

"சர்க்காருக்குச் செத்த நாளுதான்க்கா கணக்கு. இன்னிக்கித் தேதி மூணு. இன்னிக்கோட முடியுது."

ஜோதி பல்லைக் கடித்தாள். "இந்தப் பேப்பரை ஆபீசுல அந்தாளு பத்து தடவை பொரட்டிப் பாத்தான் தம்பி. போன வாரங்கூட, நாளு கெடக்குல்லன்னான்."

அரியலூர் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரமும் நின்றே வந்தாள். அலுவலகத்தில் நுழையும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். எழுத்தர் மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அடுத்த வாரம்னு சொன்னேன்ல?"

"மனுவ வாங்கித் தேதி முத்திரை குத்துங்க சார்."

"அதிகாரி லீவு."

"முத்திரையுமா லீவு?"

மற்ற மேசைகளில் தலைகள் நிமிர்ந்தன. எழுத்தருக்கு முகம் சிவந்தது. "கத்தாதம்மா. யாரு இந்தப் பையன்?"

கலைச்செல்வன் முன்னால் வந்தான். "வாங்க முடியாதுன்னு எழுதிக் குடுங்க சார். இன்னிக்கித் தேதி போட்டு. போதும்."

"எழுதுங்க," என்றாள் ஜோதி. "என் அப்பன் செத்த தேதியையும் பக்கத்துலயே எழுதுங்க. அது ஒங்களுக்குத் தெரியாததா?"

எழுத்தர் பேனாவை எடுத்தார், வைத்தார். பூட்டிய மேசையைத் திறந்தார். முத்திரை விழுந்த சத்தம் ஓங்கி அறைந்ததுபோல் இருந்தது. நகலிலும் குத்த வைத்துத்தான் நகர்ந்தாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வாரிசு வேலைக்கான பட்டியலில் ஜோதியின் பெயர் இருக்கிறது. வேலை இன்னும் வரவில்லை. இப்போது அவள் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள்.