ஒரு ஜீப்புக்கு எந்த ஒழுங்கை

எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய தெரு. அது திரும்புகிற முடக்கில் ஆளில்லாத ஒரு பாழ் வளவு. சொந்தக்காரர் கனடாவில். பொழுதுபட்டால் நாலைந்து பெடியள் அங்கே கூடிப் போதைத்தூள் பாவிப்பார்கள். என் மகள் புடவைக்கடையில் வேலை முடித்து, உரும்பிராய்ச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, அங்கே விட்டுப்போன சைக்கிளை எடுத்து, அந்த வளவைக் கடந்துதான் வரவேண்டும். ஒருநாள் மறித்துப் போன் நம்பர் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் வந்து சேருமட்டும் எனக்குத் தேவாரம் பாதியில் மறந்துபோகும்.

இந்த நேரத்தில் பொலிஸ் பொறுப்பதிகாரி சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார். தன்னிடம் சுற்றுக் காவலுக்கு ஒரு ஜீப்தான், ஆளும் குறைவு, எந்த இடத்துக்கு முதலில் விடுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

கூட்டத்துக்கு இருவரும் வெளிக்கிடும்போதே மனைவி எனக்குக் கட்டளை போட்டிருந்தாள். மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். தூள்காரர் திரிகிற ஒழுங்கை என்று மாப்பிள்ளை பகுதிக்குத் தெரியக்கூடாது. வாயைத் திறக்கவேண்டாம்.

மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் வீட்டில் அதே கட்டளைதான் போல. கிழக்கு ஒழுங்கைக்காரர் எழும்பி, தங்கள் பக்கம் ஒரு கரைச்சலும் இல்லை, மேற்கில்தான் ஏதோ நடக்கிறதாகக் கேள்வி என்றார். மேற்கு ஒழுங்கைப் பிள்ளைகளோ பொழுதுபட்டால் புத்தகமும் கையுமாம், குளத்தடியைப் பார்க்கட்டாம். குளத்தடிக்காரர் பக்கத்து ஊரைக் காட்டினார்.

பொறுப்பதிகாரி பேனையை மூடினார். "பக்கத்து ஊரிலை நேற்றுக் கூட்டம் வைச்சனான். அவை உங்கடை ஊரைச் சொன்னவை. அப்ப ஒரு இடத்திலையும் குற்றம் இல்லை. நான் ஜீப்பைக் கழுவி நிப்பாட்டி விடுறன்."

நான் முருகனை நினைத்து எழும்பினேன். பாதியில் வேட்டி கதிரை ஆணியில் பிடித்துக்கொண்டது. அதை நான் கழற்றுவதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். கட்டளை போட்டவளேதான்.

"ஐயா, எங்கடை ஒழுங்கைதான். என்ரை பிள்ளையை மறிச்சவங்கள்."

அவ்வளவுதான், மற்றவர்களுக்கும் வாய் வந்துவிட்டது. மேற்கில் தண்ணிப் பம்ப் களவுபோனதாம். குளத்தடியில் மாட்டையே அவிழ்த்துப் போனார்களாம். எங்கள் தூள்காரர் அவர்களுக்குத் தூசுமாதிரி. பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளையை மறித்த இடம் முதல், மாடும் பம்பும் பிறகு என்றார். ஆனால் யாராவது முறைப்பாடு தந்து கோட்டில் வந்து சாட்சி சொல்லாவிட்டால், பிடித்தாலும் வழக்கு நிற்காதாம்.

பிள்ளையோடு வந்து தருவதாக மனைவி சொன்னாள்.

வரும் வழியில், மாப்பிள்ளை பகுதிக்கு என்ன சொல்கிறது என்று மெல்லக் கேட்டேன்.

"பொலிஸ் ஜீப்புக்குப் பயப்பிடுற மாப்பிளை எங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் முதல்லை வேட்டியைப் பாருங்கோ, கிழிஞ்சுபோச்சு."

மறுநாள் தாயும் மகளும் போய் முறைப்பாடு கொடுத்தார்கள். இப்போது பின்னேரங்களில் ஜீப் முடக்கில் வந்து நிற்கிறது. மாப்பிள்ளை பகுதியிலிருந்து இன்னும் பதில் இல்லை. பிள்ளை வந்து சேருகிறாள். பதிலுக்கு அவசரமில்லை, ஆறுதலாக வரட்டும்.