அக்கா வரைந்த ஊரும் பின்வீட்டு கேட்டும்

அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். "அவர்கள்" என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தவரை "ஏய் அக்கா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். மலர் என்றால் மரியாதை வேண்டும் என்று அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். இதைப் பார்த்தால் அக்கா சிரிப்பார். பார்க்க மாட்டார் என்பது எனக்கு இன்னும் சரியாக உறைக்கவில்லை. ஒரு வருடமாக ஊசி போட்ட ஈறு போல இருக்கிறேன். தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

அக்கா பிறந்தது ஹைதராபாத்தின் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில். வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மல்காஜ்கிரியில் வாழ்க்கைப்பட்டார். மகளுக்குப் பேச்சு வரும் முன்பே மாமா காலமானார். குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார்.

ஊரே கம்ப்யூட்டர் படிக்க ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நானும் ஓடினேன். நான் சேர்ந்த வகுப்பில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. பாடம் நடத்தியவருக்குக்கூட அமெரிக்காவில் கிடைத்தது. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. என் புத்தகங்களை வைத்தே படித்து, ஹப்சிகுடாவில் வரைபடம் வரையும் ஒரு கம்பெனியில் அக்கா சேர்ந்தார். வெளிநாடுகளின் பழைய காகித வரைபடங்களைத் திரையில் விரித்து, ஒவ்வொரு கோட்டையும் மீண்டும் இழுக்கும் வேலை.

அப்படித்தான் இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் அவர் கைக்கு வந்தது. அதன் பெயரை அக்கா சொன்னால் ஊர், நான் சொன்னால் இருமல். ஒரு கல் தேவாலயம், ஒரு குளம், நின்றுபோன ஒரு மாவு மில், வேலி போட்ட வயல்கள். அவ்வளவுதான் ஊர். தங்கள் ஊரின் வரலாற்றை இணையத்தில் வைக்க வேண்டும் என்று அவ்வூர்க்காரர்களே கூடி அனுப்பிய வேலை. ஒவ்வொரு வயலுக்கும் தனிப் பெயர் உண்டு. அக்காவுக்கு அத்தனையும் மனப்பாடம். என் பிறந்தநாள் மட்டும் மறந்துபோகும்.

ஒருநாள் கொல்லைப்புறத்தில் நின்று அலுவலகத் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "குளத்துக்குக் கிழக்கால முடிஞ்சுது. சர்ச் பக்கத்து வயல நாளைக்கு முடிச்சிடறேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் பின்வீட்டு அங்கிள். தெலுங்குக்காரர், ரயில்வேயில் தமிழர்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூமி விலை ஏறிக்கொண்டிருந்த ஹைதராபாத்தில் அவர் காதில் இது வேறு மாதிரி விழுந்தது.

"அம்மா, கஜம் எந்த ரேட்டு?"

"எது அங்கிள்?"

"அதே, சர்ச் பக்கத்து பிளாட்டு. பெரிய பையனுக்கு ஒண்ணு பாக்கணும்."

"அது லண்டனையும் தாண்டி இருக்கு அங்கிள்."

"தூரம் பர்வாலேது. ரோடு இருந்தா போதும். ரோடு இருக்கா?"

"ரோடு இல்ல, ஒரு பாதை இருக்கு. அதுலதான் தகராறே."

அக்கா கதையைச் சொன்னார். குன்றின் மேலிருந்த ஒரு குக்கிராமத்துக்கு இடுகாடு கிடையாது. அங்கே யாராவது இறந்தால், பெட்டியைத் தோளில் சுமந்து, வயல்களின் குறுக்கே இறங்கி, இந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பாதி வழியில் ஒரு தட்டைக் கல். பெட்டியை அதன்மேல் இறக்கித் தோள் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் வயல்காரர்களுக்கு ஒரு பயம். ஒரு நிலத்தின் வழியே ஒருமுறை சாவு போய்விட்டால், அந்த வழி என்றைக்கும் எல்லோருக்கும் சொந்தம் என்பது அங்கே நம்பிக்கை. அதனாலேயே சிலர் வழி விடாமல் மறித்தார்களாம்.

பழைய வரைபடத்தில் அந்தப் பாதை புள்ளிக் கோடாக இருந்தது. புதிதாக வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெறும் கோதுமை. மேலாளர் சொல்லிவிட்டார்: "போட்டோல இல்லன்னா நமக்கும் இல்ல மேடம். அழிச்சிடுங்க."

"பாதை இல்லாம போச்சு சார். போனவங்க போனது இல்லன்னு ஆயிடுமா?"

அக்கா அழிக்கவில்லை. ஊர்க்காரர்களையே கேட்கச் சொல்லிப் பிடிவாதமாக இருந்தார். அழிக்க வேண்டாம் என்று பதில் வந்த அன்று, அக்கா கையோடு வீட்டுக்கு ஒரு பை நிறைய பேக்கரி பிஸ்கட் வந்தது.

மதிலோரம் கதையைக் கேட்ட அன்றே அங்கிளுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் கொல்லைக்கும் அவர் காம்பவுண்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு கேட். அவர் காம்பவுண்டைத் தாண்டினால் மெயின் ரோடு. சந்துப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள் என்று அதை ஏற்கெனவே பூட்டி வைத்திருந்தார்.

"பயப்படாதீங்க அங்கிள். எங்க வீட்ல இப்போதைக்கு யாரும் போற மாதிரி இல்ல" என்றார் அக்கா.

"ஹவ் அங்கிள், ஆமா, நான் வெயிட்டிங் லிஸ்ட்லதான் இருக்கேன்" என்றேன் நான்.

மறுநாள் பழைய பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டும் தொங்கியது.

வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவன் அப்படியே இருக்கிறேன். அக்காவுக்கு இரத்தத்தில் நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால், "டேய், கைக்கு, ஏன்டா இப்படி உக்காந்திருக்க? ஒரு ஜோக் சொல்லு" என்பார். சொல்வேன். "நக்கோடா, வேணாம், இதுக்கு ஊசியே தேவலாம்" என்பார்.

அவர் போன அன்று எங்கள் சந்து முனை மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக் கிடந்தது. பள்ளம் நிறைய மழைத் தண்ணீர், மேலே ஒற்றைப் பலகை. ஓர் ஆள் நடக்கலாம். பாடை தூக்கிய நால்வர் நடக்க முடியாது. வண்டி மெயின் ரோட்டில் காத்திருந்தது. அக்காவை எப்படி வெளியே கொண்டுபோவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோருடைய கண்ணும் கேட்டுக்குப் போனது. வாய் ஓயாத நான், யார் சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் மகள்தான் மதிலோரம் போனாள். "தாத்தகாரு, கேட் தீஸ்தாரா?" கேட்டைத் திறப்பீர்களா என்று கேட்டாள்.

அங்கிள் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வீட்டுக்குள் ஆன்ட்டியின் குரல் உயர்ந்தது, பிறகு அடங்கியது. வர மாட்டார் என்று நினைத்தோம். சாவிகளோடு வந்தார். ஒரு பூட்டு திறந்தது. துருப்பிடித்த பழைய பூட்டு திறக்கவில்லை. அதை அவரே சுத்தியலால் உடைத்தார்.

"அங்கிள், பொது வழியாயிடும்" என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

"தெரியும் பாபு. உங்க அக்காதானே அன்னிக்கு சொல்லிச்சு? ஆகட்டும்."

அவர் காம்பவுண்டின் நடுவில் ஆன்ட்டி துணி துவைக்கும் கல். கேட் குறுகல் என்பதால் ஒருக்களித்து வந்தவர்களுக்குத் தோளில் பாடை நழுவியது. கண நேரம் அந்தக் கல்லின் மேல் அக்காவை இறக்கி, தோள் மாற்றிக்கொண்டார்கள்.

அக்காவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த அலுவலகத் தோழர்களுக்கும், மழையில் தோள் கொடுத்த சந்து இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. புதுப் பூட்டு வாங்க இன்றுவரை கடைக்குப் போகாத அங்கிளுக்கும், மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு மறுநாளே அதே கல்லில் துணி துவைத்த ஆன்ட்டிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சந்துப் பிள்ளைகள் எல்லோரும் இப்போது அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நேற்றுக் காலை பால் வாங்கிக்கொண்டு அந்த வழியே வந்தேன். கல்லருகே என்னையறியாமல் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"ஏம் பாபு, என்ன ஆச்சு?" என்றார் ஆன்ட்டி.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. தோள் மாத்திக்கிறேன்" என்றேன்.

கையில் அரை லிட்டர் பால் பாக்கெட்.