சகலை பூட்டிய இன்ஜெக்‌ஷன்

பெரிய மாப்பிள்ளைக்குச் சகலையைக் கண்டாலே ஆகாது. அவன் என்ன கெடுதல் செய்தான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆள் கெட்டிக்காரன், அதுதான் கெடுதல்.

மாமனாரின் பழைய கார் இவர் கைக்கு மட்டுமே அடங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வேலையில் இவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளில்லை. காலையில் வண்டி முரண்டு பிடித்தால் மாமனார் போன் செய்வார். இவர் போய் ஸ்குரூவைத் திருகி, சோக்கை இழுத்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, உரிமையோடு காபி குடித்துவிட்டு வருவார். அந்த வீட்டில் இவருக்கு இருந்த மரியாதையே அந்த போன்தான்.

அதில்தான் சகலை மண்ணை அள்ளிப் போட்டான். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து, கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் சாமான்களைக் கழற்றிவந்து, கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு மாமனார் வண்டியில் பூட்டினான்.

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன மூளை பாருங்க," என்றாள் மனைவி.

"மூளைய ஊத்தினா வண்டி ஓடாது. பெட்ரோல்தான் ஊத்தணும்."

அவர் வாய் முகூர்த்தம் பலித்தது. மதியத்தில் பட்டுப்போல ஓடிய வண்டி, காலைக் குளிரில் கிளம்பவே இல்லை. மறுபடியும் போன் வந்தது. இவர் காற்றுக் குழாயில் துளி பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிவிட்டு, காபியை ஆற அமரக் குடித்தார். சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் மாமனாருக்கே அலுத்துவிட்டது. "எல்லாத்தையும் கழட்டிட்டு உங்க கார்புரேட்டரையே போட்டுடுங்க மாப்பிள்ளை" என்று வண்டியை இவர் பட்டறையில் விட்டுப் போனார்.

ஸ்பேனரோடு பானெட்டைத் திறந்தவருக்கு வயிறு எரிந்தது. எஞ்சினுக்குச் சேராத சாமானைச் சேர்க்க, சகலை தானே தகடு வெட்டித் துளை போட்டிருந்தான். வெல்டிங் அவ்வளவு சுத்தம். இதைக் கழற்றிப் போட மனசு வரவில்லை. அதற்காக அவன்மேல் இன்னும் கோபம் வந்தது.

கோளாறு கண்ணில் பட்டது. மீட்டர் முள்ளுக்குச் சூடு சொல்லும் பழைய சென்சாரிலேயே கம்ப்யூட்டரின் ஒயரையும் கோத்திருந்தான். இரண்டும் வேறு வேறு கணக்கு. எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே சூடாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் நம்பி, பெட்ரோலைக் குறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் என்பது சோக் இழுத்துப் பழகிய கைக்குப் புரியாதா? பழைய இரும்புக் கடைக்குப் போய், நொறுங்கிய காரின் சென்சாரைத் தேடிப் பிடித்துத் தனியாகப் பூட்டினார். குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

"என்ன பண்ணீங்க மாப்பிள்ளை?" என்றார் வண்டியை எடுக்க வந்த மாமனார்.

சென்சார் மாற்றினேன் என்றால் சகலைக்கு உதவியதை ஒத்துக்கொண்டதாகிவிடும். "ஒண்ணும் பண்ணல. ஒரு ஒயர் லூசா இருந்துது."

"அவ்வளவுதானா? அப்ப சின்னவர் வேலையில குத்தமே இல்ல."

அப்புறம் காலையில் போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. மாமனார் ஓட்டிவந்திருந்தார். பக்கத்து சீட்டில் சகலை.

"சாவியத் தொட்டாலே பிடிச்சுக்குது. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம். பின்னாடி ஏறிக்குங்க மாப்பிள்ளை."

ஏறினார். குறை சொல்ல ஏதாவது சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டினார். எஞ்சின் சீராக ஓடியது. அந்த வண்டியில் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.