கழுவக் கழுவப் பெருத்த புண்

எழுபதுகளின் நடுப்பகுதி. அச்சுவேலியில் வெங்காயம் கிண்டி முடிந்த கையோடு வளவுக்கு வேலி அடைத்துக்கொண்டிருந்தோம். பனைமட்டை எடுத்துத் தந்த என் மனைவியின் கணுக்காலுக்கு மேலே மட்டையின் அரம்போன்ற கருக்கு கீறிவிட்டது. எங்கள் ஊரில் கருக்கு கீறாத கால் கிடையாது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நாலு நாளில் அங்கே ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. அடுத்த கிழமை அது உள்ளங்கையளவு புண். விளிம்பு கத்தரிப்பூ நிறத்தில் வீங்கி, நடுவில் குழி விழுந்து, சீழும் இரத்தமுமாய்க் கிடந்தது. சேலை பட்டாலே துடித்தாள்.

எங்கள் கிணறு நாலு குடும்பத்துக்குப் பங்குக் கிணறு. பங்குக்காரர் ஒருவர், எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை, ஒரு காலையில் என்னை மறித்தார்.

“தம்பி, குறை நினையாதை. உன்ரை மனிசியைக் கிணத்தடிக்கு விடாதை. உது என்ன வருத்தமெண்டு ஆருக்குத் தெரியும்? ஊத்தைப் புண்.”

“முதல் உங்கடை வாயைக் கழுவுங்கோ அண்ணை” என்றேன். அவர் மனைவி ஓடிவந்து இழுத்துக்கொண்டு போயிராவிட்டால் அன்று கைகலப்புத்தான்.

ஊத்தை என்ற சொல் எனக்கு வெறி ஏற்றிவிட்டது. காலையும் மாலையும் வேப்பிலை அவித்த சுடுநீரில் துணியை நனைத்துப் புண்ணை நானே உரஞ்சினேன். ஒட்டிக்கிடந்த வெள்ளையை எல்லாம் சிவப்புத் தெரியும்வரை சுரண்டினேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாள்.

“இஞ்சேருங்கோ, நீங்கள் உரஞ்ச உரஞ்சத்தான் கூடுது. சும்மா விடுங்கோ.”

“பேசாமல் படுத்திரும். நோகாமல் புண் மாறுமோ?”

மூன்று கிழமையில் புண் கெண்டைக்காலில் பாதியைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அழுகல் மேலே ஏறுகிறது, இரண்டு மூன்று நாள் பார்ப்போம், நிற்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார் பெரிய டொக்டர். என்னோடு சரிக்குச் சரி தோட்டத்தில் நின்றவள் அவள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு ஓர் இளம் பெண் டொக்டர் வந்தார். காலைப் பார்த்தவர் கையையும் தூக்கிப் பார்த்தார். வந்த அன்று ஊசி போட்ட இடத்தில் சின்னக் கொப்புளம், சுற்றிவர அதே கத்தரிப்பூ நிறம்.

“வயித்தாலை போகேக்கை இரத்தம் ஏதும் போறதோ அம்மா?”

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தலை குனிந்தாள். “ஓம். ஒரு வருசமா.”

ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது.

“புண்ணை ஆர் கழுவினது?” என்று டொக்டர் கேட்டார்.

“நான்தான். ஒரு பொட்டு ஊத்தை இல்லாமல் சுரண்டிக் கழுவினனான்” என்றேன் பெருமையாக.

“அதுதான் இவ்வளவு பெருத்தது.”

“அப்ப என்ன, புழுக்க விட்டிருக்க வேணுமோ?” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் அசையவில்லை.

“கத்தி முடிஞ்சுதோ? இனி நான் கதைக்கிறன், கேளுங்கோ. இது ஊத்தையாலை வந்த புண் இல்லை. ஒருத்தருக்கும் தொத்தாது. இவவின்ரை உடம்பு தன்ரை தோலோடையே சண்டை பிடிக்குது. குடலிலையும் அதே சண்டைதான், அதாலைதான் இரத்தம் போறது. குத்தினாலும் சுரண்டினாலும் அந்த இடத்திலை சண்டை கூடும். வெட்டினாலும் அப்பிடித்தான். முதல் சண்டையை நிப்பாட்ட வேணும்.”

அரிய வருத்தம், இதற்கு முன் ஒரே ஒருவரில்தான் பார்த்திருக்கிறேன் என்றார். பெரிய டொக்டரோடு கதைத்து, கிருமி உண்டா என்று சோதித்துப் பார்த்து, அந்தச் சண்டையை அடக்கும் குளிசைகளை விழுங்கக் கொடுத்தார்கள். புண்ணை உப்புநீரால் மெல்ல நனைத்து மூடுவது மட்டும்தான் கழுவல். சில நாளில் நோவு குறைந்தது. பிறகு விளிம்பின் நிறம் மங்கத் தொடங்கியது. காலை எடுக்கிற பேச்சு நின்றது.

“நீர் அப்பவே சொன்னனீர். நான் கேக்கேல்லை” என்றேன் அவளிடம்.

“கேட்டிருந்தால் அது நீங்களே?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை விட அவள் என்னை ஏசியிருக்கலாம்.

முழுதாக மூட ஏழெட்டு மாதம் பிடித்தது. வீட்டிலும் நான்தான் மருந்து கட்டினேன். அவள் “காணும், போதும்” என்றால் அந்த இடத்திலேயே கையை எடுத்தேன். தொத்தாது என்று அண்ணனிடமும் நேரே போய்ச் சொன்னேன். நம்பினாரோ தெரியாது, மறுபடி வாய் திறக்கவில்லை. அவர் சொன்ன சொல் கெட்ட சொல்தான். ஆனால் அந்தக் காலை அறுக்கும் அளவுக்குக் கொண்டுபோனது அவருடைய வாய் அல்ல, என்னுடைய கை.

கோபம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் யாராவது நோகிறது என்றால், பொறுத்துக்கொள் என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன். நோகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதை ஒரு காலைப் பணயம் வைத்துப் படித்தவன் நான்.