கருப்பனார் சொல்லாத வாக்கு

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு. தாயில்லாமல் வந்த கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு. ஆறும் ஆளாகிவிட்டன, ஒன்றும் சோடை போகவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் சொல்லப்போவது அவ்வளவு பெருமையான சங்கதி இல்லை.

பள்ளிக்கூடம் மூன்றாவதோடு நின்றுவிட்டது. பஸ் பலகையும் கல்யாணப் பத்திரிகையும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுதுவதென்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் பிடிக்கும். பிடிக்கட்டும். எங்கள் காட்டு மூலையில் இருக்கிற கருப்பனார்மேல் என்னால் ஒரு பழி விழுந்து நாற்பது வருசம் ஆகப்போகிறது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தக் கோயிலின் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே போவதில்லை. அவருக்கு எண்பத்துநாலு. இரண்டு பேரில் ஒருவர் போய்ச் சேருவதற்குள் அந்தப் பழியை எடுத்துவிட வேண்டும். வாயால் சொல்ல எத்தனையோ தடவை பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம் எங்கள் காடு மானாவாரி. மழையை நம்பிக் கடலைக்காயும் சோளமும் போடுவோம். காட்டு வேலை முதுகை ஒடிக்கும், ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. காய் பிடுங்கி, கதிர் அடித்து, கடலைக்கொடியைப் போர் போட்டுவிட்டால் சித்திரை வைகாசிக்குக் காடு காய்ந்து கிடக்கும். கூடவே மாடும் கிடக்கும், மனிதரும் கிடப்போம். அது ஓய்வு என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் கிணறு வற்றிப்போனபோது கோழி வளர்க்கலாம் என்று சொன்னவள் நான்தான். மாமனார் எழுந்து நின்று கத்தினார். "நம்மூட்டுப் பொம்பளை முட்டை விக்கறதா?" என்றார். அவர் கத்தக் கத்த எனக்குப் பிடிவாதம் ஏறியது. முதலில் கீற்றுக் கொட்டகையில் முந்நூறு குஞ்சு விட்டேன். நாலு வருசத்தில் ஓட்டுக் கொட்டகையும் ஆயிரம் கோழியும் ஆயிற்று. டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் தடத்துக்குப் பக்கத்தில் வந்ததும், "கோழிப்பண்ணையெல்லாம் எறங்கு" என்று சத்தம் போடுவார். இறங்கி நடக்கும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும். பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் கோழிக்குச் சித்திரை கிடையாது, பொங்கலும் கிடையாது. வெளிச்சம் கூடினால் முட்டை கூடும் என்று விடியுமுன்னே கொட்டகையில் பல்பு போடவேண்டும். போட்டால் ஆயிரமும் ஒன்றாகக் கொக்கரிக்கும். தண்ணீர் ஊற்றி, சோளமும் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் மண்வெட்டியால் புரட்டித் தீவனம் கலந்து, தரையில் பரப்பிய கடலைத்தோலைக் கிளறிவிட்டு, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கி முடிப்பதற்குள் மறுபடி தண்ணீர் வேளை வந்துவிடும். நடுவில் ஆறு பிள்ளைகள், மாமனார், எருமை. என் வீட்டுக்காரரும் உழைத்தார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொட்டகைக்குள் அவர் கை வைத்தால் நான் பின்னாலேயே போய்த் திருப்பிச் செய்வேன். என் வேலையில் யார் கையும் எனக்கு ஒப்பாது.

முதலில் போனது ருசி. புளிக்குழம்பும் வெறுந்தண்ணீரும் நாக்குக்கு ஒன்றாகப் பட்டன. அப்புறம் தூக்கம். உடம்பு கட்டிலில் கிடக்கும், காது கொட்டகையில் கிடக்கும். உப்பு எடுக்க உள்ளே போய் எதற்கு வந்தோம் என்று நிற்பேன். கொழுந்தனார் மகள் ஒரு அட்டை முட்டையைக் கீழே போட்டாள். விளக்குமாற்றால் அடித்தேன். தாயில்லாப் பிள்ளை. அடித்தது என் கை. நான் எங்கேயோ தூரத்தில் நின்று பார்த்தமாதிரி இருந்தது.

பெரிய மகள் வயதுக்கு வந்தாள், சீர் செய்தோம். சொந்தமெல்லாம் வந்து நிறைந்திருக்கிறது, பிள்ளை பட்டுச்சேலை கட்டி மணைமேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தீவனத்துக்கு நேரமாகிறதே என்பது மட்டும்தான். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் எருமைக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏ புள்ள, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தயா?"

"எனக்கென்னங்க?"

"எறகு உதுத்த கோழியாட்டம் இருக்கற. இதுகள வித்துப்போட்டு பழையபடி எருமையோட நின்னுக்கலாம்."

"உங்க ஐயனும் பங்காளிகளும் சிரிக்கறதுக்குங்களா?"

"சிரிச்சா அவுங்க வாய்தான் நோவும்."

"நான் செத்தாலும் விக்க உடமாட்டனுங்க."

"செத்துப்போயிருவயோன்னுதான் சொல்றேன்," என்றார். கொஞ்சநேரம் தட்டை அறுத்தார். "நீ என்ற பேச்சக் கேக்கமாட்ட. கருப்பனாரு பேச்சக் கேப்பயா?"

"கேப்பனுங்க," என்றேன். வேறென்ன சொல்லமுடியும்?

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் என்றால் சாமியிடம் பூ கேட்போம். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் பூவரச இலையில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றி, வித்தியாசம் தெரியாமல் சாமி காலடியில் வைப்பது வழக்கம். சின்னப் பிள்ளை ஒன்று எடுத்துக்கொடுக்கும். எடுத்தது எதுவோ அதுதான் சாமி வாக்கு. மற்றதைப் பிரித்துப் பார்க்கக்கூடாது. கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் கோழியை விற்பது, சிவப்பு வந்தால் வைத்துக்கொள்வது என்று அவர் வேண்டிக்கொண்டார்.

பூ மடிப்பது வீட்டில் எப்போதும் என் வேலை. அன்றைக்கும் நான்தான் மடித்தேன்.

இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன். பறித்த வெள்ளரளியை மடியில் செருகிக்கொண்டேன்.

என் கடைசி மகள் சின்னவள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவர் பிரித்தார். சிவப்பு. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். பிறகு, "செரி, சாமி சொல்லிருச்சு," என்றார். மற்றப் பொட்டலத்தை நான் கிணற்றில் போட்டேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சந்தோசம் போய்விட்டது. அந்த மனிதர் எனக்காக ஒரு வழியைத் திறந்துவிட்டார். நான் கல்லை உருட்டி அடைத்துவிட்டேன். இனி விற்கலாம் என்று நானே சொன்னாலும் சாமி வாக்கை மீறியதாகும்.

அடுத்த சித்திரையில் வெயில் கொளுத்தியது. அந்த மாதிரி மத்தியானத்தில் கோழி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு இளைக்கும். தண்ணீர் குறையாமல் ஊற்றவேண்டும். இரண்டு குடத்தோடு கொட்டகைக்குள் போனேன். குடத்தை இறக்கி வைத்தேன். அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. மறந்துபோனது மாதிரி இல்லை. குடம் தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது, கோழி குடிக்கிற தட்டு காய்ந்து கிடப்பது தெரிகிறது. கை வரவில்லை. கடலைத்தோலில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஒவ்வொன்றாகக் கோழி சாய்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பெரியவள்தான் வந்து பார்த்தாள். "அம்மா, சத்தமே இல்லையேன்னு வந்தேன்," என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டில் படுக்க வைத்தார்கள். பங்காளி வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். "எத்தன கோழியக் கறிக்கு ஏத்தி அனுப்பியிருப்பா. அதுகெல்லாம் ஒண்ணாச் சேந்து புடிச்சிருக்குது."

மற்ற நாளாக இருந்தால் அவளுக்கு ஒரு வாரத்துக்கு மறக்காதபடி பதில் கொடுத்திருப்பேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அதைக் கண்டுதான் என் வீட்டுக்காரர் பயந்தாராம்.

வேப்பிலை அடித்தார்கள். கயிறு கட்டினார்கள். பக்கத்து ஊரில் சத்து ஊசி போட்டு ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் அவர் என்னைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் மூட்டை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி என் முழங்கையைப் பிடித்து நடத்திப்போனார். கல்யாணமாகி அத்தனை வருசத்தில் தெருவில் அவர் என் கையைத் தொட்டது அன்றைக்குத்தான். வெட்கப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ஊசி போட்டீங்கன்னா ஊட்டுக்குப் போயிருவேன். சோலி கெடக்குது."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?"

"ரண்டு எருது, ஒரு எருமைங்க."

"அமாவாசையன்னிக்கு ஏர் பூட்டுவீங்களா?"

"அதெப்படிங்க பூட்டறது? வாயில்லாச் சீவன், அதுக்கு ஒரு நாள் வேண்டாங்களா?"

"சரி. இந்தம்மாவுக்கு எப்ப அமாவாசை?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் யோசித்துப் பார்த்துச் சொன்னேன். "சின்னவ பொறந்தப்போ பதனாறு நாள் படுத்திருந்தனுங்க."

"அவளுக்கு இப்ப என்ன வயசு?"

"ஏழுங்க."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "ரத்தம் கொஞ்சம் கம்மி, அதுக்கு மாத்திரை தர்றேன். மத்தது மாத்திரைக்கு அடங்காது. பேயுமில்லை, பைத்தியமுமில்லை. உடம்பும் மனசும் சேர்ந்து ஓஞ்சு போச்சு. இது ஒரு நாள்ல வந்ததில்லை, ஒரு நாள்ல போகாது. வேலை கண்ணுல படாத இடத்துல ரெண்டு மாசம் இருங்க. வந்து மறுபடி பழையபடியே செஞ்சீங்கன்னா, மறுபடி இதே நாற்காலிதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். பாதி வழி வந்தபிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார். "கருப்பனாருக்குக் கண்ணு இல்லையா? நான் கேட்டனே. இவ சாவறதுன்னாலும் செரின்னு செவப்பக் குடுத்துட்டாரே."

அதுதான் சொல்லவேண்டிய இடம். நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என் அம்மா அப்போது உயிரோடு இல்லை. வாழப்பாடியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டுக்குப் போனேன். போன மறுநாள் காலையில் விளக்குமாற்றை எடுத்தேன்.

"அம்மிணி, அதத் தொட்டீன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்," என்றாள்.

"சும்மா எப்படியக்கா உக்கார்றது?"

"ஏன், உனக்கு உக்காரத் தெரியாதா? நீ பக்கத்துல நிக்கலைன்னா அந்தக் கோழிக்கு முட்டை எந்தப் பக்கம் இடறதுன்னு மறந்துருமா?"

முதல் பதினைந்து நாள் பாடு சொல்லமுடியாது. உட்கார்ந்தால் திருடியைப்போல் இருந்தது. விடியுமுன்னே திடுக்கென்று எழுந்து பல்பு சுவிட்சைத் தேடுவேன். பிறகு தூக்கம் வந்தது, செத்தமாதிரித் தூக்கம். பிறகு அழுகை. எதற்கென்று தெரியாது, வெங்காயம் உரிக்கிற அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுவேன். அவள் ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஒருநாள் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் கொடுத்தாள். கடித்தேன். "அக்கா, காரமா இருக்குது," என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ருசி வந்துவிட்டதென்று.

ஊர் திரும்பினால் கொட்டகையில் பாதி காலியாக இருந்தது. அவர் யாரையும் கேட்காமல் பாதிக் கோழியை விற்றிருந்தார், சாமி வாக்கை மீறி. காலைப் பல்பு அவர் பொறுப்பு, தண்ணீர் பெரியவளும் கொழுந்தனார் மகளும். அமாவாசைக்கு நான் கொட்டகைக்குள் நுழையக்கூடாது. முதல் அமாவாசையன்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் தீவனத்தைத் தாறுமாறாகக் கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. கோழி அதைத் தின்றது. ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் கொழுந்தனார் மகளை மடியில் சாய்த்துப் பேன் பார்த்துவிட்டேன். முதலில் கொஞ்சம் விறைப்பாகத்தான் சாய்ந்தாள்.

முழுக்கச் சரியாயிற்று என்று சொல்லமாட்டேன். அதற்கப்புறமும் இரண்டு தடவை அது எட்டிப் பார்த்தது. நாக்கில் ருசி குறையும்போதே கண்டுகொண்டு வாழப்பாடிக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

சரியாகாதது அவருக்கும் கருப்பனாருக்கும்தான். வருசா வருசம் கோயில் நோம்பி வரும், பொங்கல் வைப்போம், கிடாய் வெட்டுவோம். அவர் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நிற்பார். பூசாரி, "ஏனுங்க, உள்ள வாங்க," என்று கூப்பிட்டால், "அவுரு பாட்டுக்கு அவுரு, நான் பாட்டுக்கு நான்," என்பார். ஆறு பிள்ளைகள் கல்யாணத்துக்கும் பூ கேட்கவில்லை. வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தக் கல்லருகில் அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் உள்ளே போய்க் கும்பிடுவேன். சாமிக்கும் எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

கருப்பனார் என்னைச் சாகச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. கேட்கவிடாமல் செய்தவள் நான். அவ்வளவுதான். இதை எழுதி முடிக்க ஐப்பசியில் தொடங்கித் தை வந்துவிட்டது. கை வலிக்கிறது. படித்துக் காட்டப் பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

"சாமி, இங்க வா. இத மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு. எழுத்து உட்டுப்போயிருந்தா நீயே போட்டுக்க, நிறுத்தாத. உங்க தாத்தா வாசல்ல கட்டல்லதான் உக்காந்திருக்கறாரு, காது மந்தம். பூ மடிக்கற எடம் வாரப்போ கொஞ்சம் சத்தமாப் படி கண்ணு."