வராத வியர்வை

உப்பும் ரப்பர்ப் புகையும் கலந்த வாடை. அப்பாவின் சட்டை என்றால் எனக்கு அதுதான். கெலாங் பாத்தா ஊருக்கு உள்ளே தள்ளி, நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டத்தில், ரப்பர்த் தாள்களை உலர்த்தும் "புகைவீட்டில்" அவருக்கு வேலை. உள்ளே போய்த் தாள்களைப் புரட்டிவிட்டு வந்தால் சட்டையைப் பிழியலாம். வாசற்காற்று அந்த ஈரத்தைக் காயவைக்கும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்துக் கொண்டுபோகிறது என்பதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் எங்களுக்குத் தெரிந்தது வேறு. மலேரியாவை "குளிர்காய்ச்சல்" என்போம். நடுங்குகிறவரைக் கம்பளியால் மூடினால் சற்று நேரத்தில் வியர்வை கொட்டும், காய்ச்சல் இறங்கும். எத்தனையோ பேர் அப்படி எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறோம்.

மழையே இல்லாத ஒரு மாதத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா நண்பகலில் புகைவீட்டிலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு முனியம்மா சிரித்தார்.

"என்ன தம்பி, இன்னைக்கு நேரத்தோடவே கள்ளுக்கடை தொறந்துட்டாங்களா?"

அங்கே இல்லாத மாட்டை விரட்டுவதுபோல் அப்பா கையை வீசிவிட்டு வாசலிலேயே விழுந்தார். அம்மா நெற்றியைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நெருப்பா கொதிக்குதுக்கா. ஆனா நடுக்கமே காணோமே?"

"உள்காய்ச்சல் புள்ள. நல்லா மூடு. வேர்த்தா வுட்டுரும்."

லயமே திரண்டு அப்பாவை உள்ளே கட்டிலில் கிடத்தியது. வீட்டுக்கு வீடு கம்பளி வந்தது. கம்பளி இல்லாதவர்கள் சாக்கு கொண்டுவந்தார்கள். சன்னலை அடைத்தார்கள், கட்டிலடியில் கரிச்சட்டி வைத்தார்கள். "வேர்த்திருச்சா பாரு" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் உள்ளே கைவிட்டு அப்பாவின் கழுத்தைத் தொட்டேன். வெயிலில் கிடந்த தகரம்போல் காய்ந்து சுட்டது. "இல்லம்மா" என்றேன். இன்னொரு கம்பளி விழுந்தது.

தோட்டத்து வைத்தியம் பார்க்கும் "டிரெசர்" வந்ததும் எல்லாவற்றையும் இழுத்து எறிந்தார். "ஐயோ, இது குளிர்காய்ச்சல் இல்லம்மா! சூடு தாக்கியிருக்கு. தண்ணி ஊத்துங்க, விசிறுங்க!"

வாளி வாளியாக ஊற்றினோம். அப்பாவின் கழுத்து அப்போதுதான் நனைந்தது. கண் திறக்கவில்லை.

சூடு அளவு மீறிப்போனால் உடம்பு வியர்ப்பதையே நிறுத்திவிடக்கூடும். வெளியேற வழியற்ற அந்தச் சூட்டைத்தான் நாங்கள் மூடி மூடி வைத்தோம்.

கம்பளிகளை அம்மா துவைத்து, மடித்து, வாசலில் அடுக்கினாள். எது யாருடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வெகுநாள் யாரும் வந்து எடுக்கவில்லை.

இன்று அந்த லயம் இல்லை. புகைவீடு இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் நிற்கின்றன. அப்பாவின் வயதை நான் தாண்டிவிட்டேன். வெயிலில் நடந்து வந்து மின்விசிறியின் கீழ் உட்காரும்போது கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமாக இருக்கிறது. துண்டை எடுப்பதில்லை, காற்றிலேயே காயட்டும் என்று விட்டுவிடுகிறேன்.